சேலை விக்க எதுல ஆரம்பிக்கலாம்: வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாவா, யூடியூபா, கூகுளா?

சோஷியல் மீடியால வியாபாரம் ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்க முக்கால்வாசி பேர் முதல் நாளே ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டா பேஜ், யூடியூப் சேனல், வாட்ஸ்அப் குரூப்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஓப்பன் பண்ணிடுறாங்க, லோகோ போட்டு, கவர் போட்டோ போட்டு, சொந்தக்காரங்க எல்லாருக்கும் லைக் பண்ணச் சொல்லி லிங்க் அனுப்பி ஒரு மாசம் ஓடுது, அப்புறம் எதுலயும் ஒண்ணும் போடாம எல்லாம் அப்படியே கெடக்குது. ஆள் ஒருத்தர்தான், கடையும் பாக்கணும், பார்சலும் கட்டணும், கொரியர் ஆபீஸ் மூடுறதுக்குள்ள போயும் ஆகணும், இதுல அஞ்சு இடத்துல தினமும் போட்டுட்டு இருக்க யாராலயும் முடியாது. அதனால எதை முதல்ல எடுக்குறது, எதைத் தள்ளி வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டு இறங்கறது ரொம்ப முக்கியம்.

பொதுவா பேசுனா எதுவும் பிடிபடாது, அதனால ஒரு வியாபாரத்தை வச்சே பேசுறேன். திண்டுக்கல் பக்கத்துல சின்னாளபட்டி, சுங்குடி, காட்டன் சேலைக்குப் பேர் போன ஊர். அங்க ஒரு வீட்ல புருஷனும் பொண்டாட்டியுமா சேலை விக்கிறாங்கன்னு வச்சுக்கங்க, 600 ரூபால இருந்து 1,500 ரூபா வரைக்கும் விலை, தறிக்காரங்களை நேரடியாத் தெரியும், சரக்குக்குப் பஞ்சம் இல்ல, இதுவரைக்கும் அக்கம்பக்கத்துலயும் கடைங்களுக்கும் குடுத்துட்டு இருந்தாங்க, இப்ப சென்னை, கோயம்புத்தூர்ல இருக்குறவங்களுக்கு நேரா விக்கணும்னு ஆசை. கைல ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போன், விளம்பரத்துக்குன்னு மாசம் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல எடுக்க முடியாது. இவங்க எதுல ஆரம்பிக்கலாம்?

என்னோட அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான். எத்தனை பேர் பாத்தாங்கன்னு நான் பாக்க மாட்டேன், சேலை வேணும்னு கேட்டவங்களோட பேரும் நம்பரும் உங்க போன்ல வந்து சேருதா இல்லையான்னுதான் பாப்பேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2020 ஜூன் 29 அன்னிக்கு மத்திய அரசு டிக்டாக்கோட சேத்து 59 ஆப்பைத் தடை பண்ணுச்சு, அதுல கஷ்டப்பட்டு ஃபாலோயர் சேத்து வச்சிருந்தவங்க எல்லாருக்கும் அது கையை விட்டுப் போச்சு, அந்த ஃபாலோயரைக் கூட்டிட்டு வேற இடத்துக்குப் போக வழியே இல்ல. அடுத்த வருஷம், 2021 அக்டோபர் 4 ராத்திரி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் ஒண்ணா படுத்துடுச்சு, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். இன்ஸ்டாகிராமை 2012லயும் வாட்ஸ்அப்பை 2014லயும் வாங்கினது ஃபேஸ்புக் கம்பெனிதான், இப்ப மெட்டான்னு பேரு, அதனால மூணுல அக்கவுன்ட் வச்சிருக்கேன் பாதுகாப்பா இருக்கேன்னு நினைக்கிறதுக்கு இல்ல. கஸ்டமர் பேர், நம்பர், ஊர், என்ன வாங்கினாங்க, இந்த நாலும் உங்க காண்டாக்ட்ஸ்லயும் ஒரு நோட்டுலயும் இருந்தா எந்த ஆப் போனாலும் வியாபாரம் போகாது. இந்தக் கண்ணோட ஒவ்வொண்ணாப் பாக்கலாம்.

முதல்ல வாட்ஸ்அப் பிசினஸ். இதை ஆப்ஷன்ல ஒண்ணுன்னு கூட நான் வைக்க மாட்டேன், இது இல்லாம மத்த எதுவும் நிக்காது. 2018 ஜனவரில வந்தது, இலவசம், சாதா வாட்ஸ்அப் இருக்குற அதே போன்லயே வேற நம்பர் போட்டு வச்சுக்கலாம். தனி சிம் ஒண்ணு வாங்கிடுங்க, வீட்டு நம்பர்லயே வியாபாரம் பண்ணா ராத்திரி பதினொரு மணிக்கும் சேலை விலை கேட்டு மெசேஜ் வரும், குடும்ப குரூப்புக்கு நடுவுல ஆர்டர் காணாமப் போகும். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் மட்டும் விட்டுடாதீங்க, நம்பர் செத்துட்டா கடைக்குப் பூட்டுதான். கேட்லாக்ல 500 பொருள் வரைக்கும் போடலாம், படம், விலை, விவரத்தோட. லேபிள்னு ஒண்ணு இருக்கு, புது கஸ்டமர், புது ஆர்டர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது, முடிஞ்சதுன்னு ஒவ்வொரு சாட்டுக்கும் கலர் குத்தி வச்சுக்கலாம், இதை ஒழுங்கா பண்றவங்க ஆர்டரைத் தவற விடுறது ரொம்பக் குறைவு. கூடுதலா நாலு டிவைஸ்ல லிங்க் பண்ண முடியும், புருஷன் பார்சல் கட்டிட்டு இருக்கும்போது பொண்டாட்டி இன்னொரு போன்ல பதில் சொல்லலாம்.

ஆனா இதுல ஒரு பெரிய குறை, புதுசா யாரும் உங்களை வாட்ஸ்அப்ல கண்டுபிடிக்க மாட்டாங்க. நம்பர் தெரிஞ்சவங்கதான் வருவாங்க. அதுக்கு நம்ம ஆளுங்க பண்றது என்னன்னா ஆயிரம் நம்பர் எங்கயோ காசு குடுத்து வாங்கி, பல்க் மெசேஜ் சாஃப்ட்வேர் போட்டு அடிக்கிறது, நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா நம்பரே பேன் ஆயிடும், அதுக்குள்ள இருந்த நெஜமான கஸ்டமர் சாட்டும் அதோட போயிடும். தயவு செஞ்சு வேண்டாம். பிராட்காஸ்ட் லிஸ்ட் வச்சுக்கங்க, ஒரே மெசேஜ் எல்லாருக்கும் தனித்தனியாப் போகும், ஒரு லிஸ்ட்ல 256 பேர், ஆனா உங்க நம்பரை அவங்க சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் மெசேஜ் போய்ச் சேரும், அதனால முதல் ஆர்டர் வந்த உடனே "நம்பரை சேவ் பண்ணிக்கங்க அக்கா, புது டிசைன் வந்தா அனுப்புறேன்"னு ஒரு வரி எழுதிடுங்க. குரூப்ல 1,024 பேர் வரைக்கும் சேக்கலாம்தான், ஆனா உள்ள இருக்குற எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், இன்னொரு வியாபாரி கஸ்டமர் மாதிரி உள்ள வந்து அத்தனை பேருக்கும் தனித்தனியா மெசேஜ் போட்டுடுவாரு. கேக்காம யாரையும் குரூப்ல இழுத்துப் போடறதும் சரியில்ல. 2023 செப்டம்பர்ல இருந்து சேனல் வசதியும் நம்ம நாட்ல இருக்கு, அதுல நம்பர் வெளிய தெரியாது, ஆனா பாக்குறவங்க நம்பர் உங்களுக்கும் கெடைக்காது, என் அளவுகோல்ல அது தேறாது. ஸ்டேட்டஸ் மட்டும் தினமும் போடுங்க, 24 மணி நேரத்துல போயிடும், ஆனா நம்ம ஊர்ல ஸ்டேட்டஸ் பாத்து சேலை வாங்குறவங்க நிறைய.

பணம் விஷயத்துல ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பேமென்ட் பண்ண மாதிரி போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புறது ரொம்ப சாதாரணமா நடக்குது, அதனால ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டாதீங்க, பேங்க் ஆப்ல பணம் ஏறுனதைக் கண்ணால பாத்துட்டு கட்டுங்க.

இப்ப ரீசெல்லர் விஷயம். சேலை வியாபாரத்துல இது தனி உலகம். நீங்க போட்டோ அனுப்புனா அவங்க தங்களோட லாபத்தை விலைல ஏத்தி அவங்க ஸ்டேட்டஸ்ல போடுவாங்க, ஆர்டர் வந்தா உங்ககிட்ட அட்ரஸ் குடுப்பாங்க, பில் வைக்காம அவங்க பேர்லயே பார்சல் அனுப்பச் சொல்லுவாங்க. ஒரு ஃபாலோயர் கூட இல்லாம முதல் மாசமே சரக்கு ஓடும், அந்த விதத்துல இதை விட வேகமான வழி கெடையாது. ஆனா கஸ்டமர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அட்ரஸ் கைல இருந்தாலும் அவங்க ரீசெல்லரோட கஸ்டமர், நீங்க நேரா கூப்பிட்டா அது துரோகம்னு ஆயிடும், அது நியாயமும் இல்ல. நாளைக்கு இன்னொருத்தர் 20 ரூபா கம்மியாக் குடுத்தா ரீசெல்லர் அங்க போயிடுவாங்க. சரக்கு தேங்கிக் கெடக்கு, காசு சுத்தணும்னா ரீசெல்லர் வச்சுக்கங்க, தப்பே இல்ல, ஆனா அதை மட்டுமே நம்பி ரெண்டு வருஷம் ஓட்டினா கடைசில உங்க பேர் ஒருத்தருக்கும் தெரியாது.

அடுத்து கூகுள். கூகுள் மை பிசினஸ்னு முன்னாடி சொல்லுவாங்க, 2021 கடைசில இருந்து கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்னு பேரு. இது சோஷியல் மீடியாவான்னு கேட்டா இல்லைதான், ஆனா ஆள் வர்ற கடை எதுவா இருந்தாலும் இன்ஸ்டாவுக்கு முன்னாடி இதைப் பண்ணணும்னு நான் சொல்லுவேன், ஏன்னா இங்க தேடுறவங்க பொழுதுபோக்குக்கு வரல, வாங்கறதுக்குன்னே தேடுறாங்க. காசு எதுவும் கெடையாது. இப்பல்லாம் வெரிஃபிகேஷனுக்கு வீடியோ கேக்குறாங்க, தெருவக் காட்டி, போர்டைக் காட்டி, பூட்டைத் தொறந்து உள்ள சரக்கு இருக்குறதைக் காட்டி கட் பண்ணாம ஒரே வீடியோவா எடுக்கணும். "கூகுள்ல இருந்து பேசுறோம், வெரிஃபை பண்ண இவ்வளவு கட்டுங்க"ன்னு போன் வரும், எடுத்த உடனே வச்சுடுங்க, கூகுள் இதுக்குக் காசு வாங்கறதே இல்ல. ரிவ்யூ கேட்டு வாங்கலாம், ஆனா ரிவ்யூ போட்டா டிஸ்கவுன்ட்னு சொன்னா அது கூகுள் விதிக்கு எதிரானது, ரிவ்யூவத் தூக்கிடுவாங்க.

நம்ம சின்னாளபட்டி கேஸ்ல ஒரு சிக்கல் இருக்கு. கஸ்டமர் நேர்ல வராத, கொரியர்ல மட்டும் அனுப்புற வியாபாரத்துக்கு இந்த ப்ரொஃபைல் கெடையாது, நேர்ல ஆள் வந்து பாக்கணும், இல்ல நீங்க அவங்க இடத்துக்குப் போகணும், அப்பத்தான் தகுதி. வீட்டுக்கு வந்து சேலை பாத்து வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க, நேரம் இதுன்னு சொல்ல முடியும்னா போடுங்க, அப்படி இல்லைன்னா இதை விட்டுடலாம். அதே சமயம் இதைப் படிக்கிறவங்க ஏசி சர்வீஸ் பண்றவரா, மெஸ் நடத்துறவரா, டியூஷன் சென்டர் வச்சிருக்கவரா இருந்தா உங்களுக்கு இது ஒண்ணும் வாட்ஸ்அப்பும் போதும், ரீல்ஸ் எடுக்க அலையவே வேண்டாம், ஏன்னா ஏசி ரிப்பேர் ஆனவர் ரீல்ஸ் பாத்துட்டு உக்காந்திருக்க மாட்டார், பக்கத்துல யாருன்னு மேப்ல தேடுவார். போட்டோவை மாசாமாசம் மாத்துங்க, தீபாவளி பொங்கலுக்கு லீவுன்னா நேரத்தைத் திருத்துங்க, வந்த ரிவ்யூவுக்குப் பதில் எழுதுங்க, இந்த மூணு வேலைதான்.

இனிமேதான் நெஜமான போட்டி, இன்ஸ்டாவா யூடியூபாங்கறது. ரெண்டுமே புது ஆளுங்களைக் கொண்டு வரும், ரெண்டுலயும் ஒரே நேரத்துல முழுசா இறங்க ஆள் பலம் பத்தாது.

இன்ஸ்டாவோட பலம் வேகம். ரீல்ஸ் 2020 ஜூலைல, டிக்டாக் போன அடுத்த மாசமே, நம்ம நாட்டுக்கு வந்துச்சு, ஃபாலோ பண்ணாதவங்களுக்கும் காட்டுறது அதுதான், போட்டோ போஸ்ட்டும் ஸ்டோரியும் பெரும்பாலும் ஏற்கனவே இருக்குறவங்களுக்குத்தான் போகும். அதனால ஆரம்பிக்கிறவங்க போட்டோவாப் போட்டுத் தள்ளுறதுல பிரயோஜனம் கம்மி. இருபத்தஞ்சு முப்பது வயசுல ஆபீஸ் போற பொண்ணுங்க, காட்டன் சேலையை ஸ்டைலாக் கட்டணும்னு நினைக்கிறவங்க, இவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. குறை என்னன்னா ஒரு ரீல்ஸ் ஓடுற வரைக்கும் ஓடும், அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, நீங்க திரும்பத் திரும்பப் போட்டுட்டே இருக்கணும், ரெண்டு வாரம் காய்ச்சல்னு படுத்தா பேஜும் படுத்துக்கும். இன்னொண்ணு, பிசினஸ் அக்கவுன்ட்டா மாத்தினா சினிமா பாட்டு லைப்ரரி முழுசா வராது, அது காப்பிரைட் விஷயம், விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைப் போட உங்ககிட்ட உரிமை இல்லைங்கறதுதான் காரணம். கிரியேட்டர் அக்கவுன்ட்னு மாத்தி வச்சுக்கிட்டு போடுறவங்க இருக்காங்க, ஆனா விக்கிறதுக்குன்னு போடுற வீடியோல சினிமா பாட்டு போட்டா என்னைக்கு இருந்தாலும் தொந்தரவுதான். உங்க குரல்லயே பேசுங்க, சேலைக்கு அது பாட்டை விட நல்லா வேலை செய்யும், ஏன்னா வாங்கறவங்களுக்கு மனசுல கேள்வி இருக்கு.

அந்தக் கேள்வி என்னென்னன்னு கொஞ்சம் பாருங்க. சாயம் போகுமா? துவைச்சா சுருங்குமா? ப்ளவுஸ் சேத்தா வருதா தனியா எடுக்கணுமா? உள்பாவாடை தெரியுற அளவுக்கு மெல்லிசா? கஞ்சி போட்டது எத்தனை துவைப்புக்கு நிக்கும்? நேர்ல கலர் இதே மாதிரி இருக்குமா? முந்தி எப்படி இருக்கும், உடம்புல புட்டா இருக்கா ப்ளெயினா? இந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு வீடியோ. சேலையை மடிப்போட காட்டாதீங்க, பிரிச்சு பார்டர், முந்தி, உடம்பு மூணையும் காட்டுங்க, டியூப்லைட் கீழ எடுக்காம காலைல வாசல் வெளிச்சத்துல எடுங்க, ஒரு சேலையை நெஜமாவே துவைச்சு காயப்போட்டு அதே சேலையைத் திரும்பக் காட்டுங்க. சுங்குடில முடிச்சுப் போடுற வேலை எப்படி நடக்குதுன்னு காட்ட முடிஞ்சா அதை விட வேற விளம்பரமே வேண்டாம், மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு கெடைச்சிருக்கு, ஆனா கையால முடிச்சுப் போட்டதுக்கும் மெஷின்ல பிரின்ட் அடிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் முக்கால்வாசி பேர் வாங்குறாங்க. உங்ககிட்ட இருக்குறது பிரின்ட்டுன்னா பிரின்ட்டுன்னே சொல்லுங்க, அந்த நேர்மைக்காகவே திரும்ப வருவாங்க. விலையையும் எழுதிடுங்க. "விலைக்கு டிஎம் (தனி மெசேஜ்) பண்ணுங்க"ன்னு போடுறது எனக்குப் பிடிக்கவே இல்ல, கமெண்ட் ஏறும்னு ஐடியா குடுக்குறாங்க, ஆனா 700 ரூபா சேலையை 2,000 இருக்கும்னு நினைச்சு கேக்காமலே போனவங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

யூடியூப் வேற மாதிரி. மெதுவாத்தான் ஏறும், ஆனா போட்டது நிக்கும். இளம்பிள்ளை சேலை, சின்னாளபட்டி காட்டன், ஈரோடு ஹோல்சேல்னு ஊர் பேரு போட்டே யூடியூப்ல தேடுறாங்க நம்ம மக்கள், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்ட வீடியோவப் பாத்துட்டு இன்னைக்கு போன் பண்ணுவாங்க. இன்ஸ்டால அப்படித் தேடி வர்றது இந்த அளவுக்குக் கெடையாது. வயசுலயும் வித்தியாசம் இருக்கு, டீவில யூடியூப் பாத்துட்டு நம்பரை எழுதி வச்சு போன் அடிக்கிற அம்மாக்கள் இருக்காங்களே, அவங்க ஒரு சேலையோட நிறுத்த மாட்டாங்க, நாத்தனாருக்கு ஒண்ணு சம்பந்திக்கு ஒண்ணுன்னு சேத்துத்தான் எடுப்பாங்க. என் அளவுகோல்ல யூடியூப்தான் ஜெயிக்குது, ஏன்னா பாத்தவங்க நேரா போன்தான் பண்றாங்க, நம்பர் அப்பவே வந்துடுது, இன்ஸ்டால டிஎம்ல பேசி, அங்க இருந்து வாட்ஸ்அப்புக்குக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பாதிப்பேர் நழுவிடுறாங்க. ஒண்ணு கவனிக்கணும், ஷார்ட்ஸ்னு சொல்ற யூடியூப் குட்டி வீடியோல டிஸ்கிரிப்ஷன்லயும் கமெண்ட்லயும் லிங்க் போட்டா 2023 ஆகஸ்ட் கடைசில இருந்து அதை அமுக்க முடியாது, அதனால நம்பரை வீடியோலயே எழுத்தாப் போட்டு வாயாலயும் சொல்லணும். யூடியூப்ல கஷ்டம், கேமரா முன்னாடி பத்து நிமிஷம் தொடர்ந்து பேசணும், கூச்சப்படுறவங்களுக்கு முதல்ல வராது. முகம் காட்டணும்னு கட்டாயம் இல்ல, கையும் சேலையும் குரலும் இருந்தாப் போதும்.

லைவ் பண்ணலாமான்னு கேப்பீங்க. சேலைக்கு லைவ் ரொம்ப நல்லா ஓடும், ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டி, பிடிச்சதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்றது, முதல்ல அனுப்புனவங்களுக்கு சேலை. ஆனா ஆரம்பிச்ச அன்னைக்கே எல்லாத்துலயும் லைவ் போக முடியாது, யூடியூப்ல போன்ல இருந்து லைவ் போக 50 சப்ஸ்கிரைபர் வேணும், ஃபேஸ்புக்ல அக்கவுன்ட் 60 நாள் பழசா இருந்து 100 ஃபாலோயர் வேணும், இன்ஸ்டால 2025ல இருந்து 1,000 ஃபாலோயர்னு ஆக்கிட்டாங்க. இந்தக் கணக்குலயும் சின்ன ஆளுங்களுக்கு யூடியூப்தான் கதவைச் சீக்கிரம் தொறக்குது.

ஃபேஸ்புக் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. 2018 ஜனவரில நண்பர்கள், குடும்பம் போடுறதை முதல்ல காட்டுவோம்னு மாத்துனதுல இருந்தே பேஜ்ல போடுறது யாருக்கும் பெருசா போறது இல்ல. ஊர் குரூப்புங்க, அபார்ட்மென்ட் குரூப்புங்க இன்னும் உயிரோட இருக்கு, அதுல விளம்பரம் அனுமதிக்கிற நாள்ல போடலாம். பேஜ் ஒண்ணு ஓப்பன் பண்ணி வைங்க, பின்னாடி மெட்டால விளம்பரம் குடுக்க அது வேணும், இன்ஸ்டாவோட இணைச்சுட்டா அங்க போடுறது இங்கயும் தானா வந்துடும், தனியா நேரம் செலவு பண்ணாதீங்க.

அப்ப சின்னாளபட்டி வீட்டுக்கு என்ன சொல்லுவேன்? வாட்ஸ்அப் பிசினஸ் அடித்தளம், அதுக்கு மேல யூடியூப். வாரம் ஒரு வீடியோ, எட்டு பத்து சேலை, பத்து நிமிஷம். அதே வீடியோவ சேலைக்கு ஒண்ணா வெட்டினா எட்டு ஷார்ட்ஸ் கெடைக்கும், ஷார்ட்ஸ் 2024 அக்டோபர்ல இருந்து மூணு நிமிஷம் வரைக்கும் போகலாம், அதே துண்டுகளை இன்ஸ்டாலயும் ரீல்ஸா போட்டுக்கலாம், இதுக்குன்னு தனியா ஷூட்டிங் கெடையாது. ஆனா அந்த வீட்ல பொண்ணு காலேஜ் படிக்குது, சேலை கட்டி நாலு விதமா காட்ட ஆர்வமா இருக்கு, விக்கிறதும் 1,500க்கு மேல டிசைனர் மாதிரி சரக்குன்னா நான் அப்படியே மாத்தி இன்ஸ்டா முதல்லன்னு சொல்லுவேன். தினமும் பண்றதுக்கு யாருக்கு மனசு இருக்குங்கறது பாதி முடிவு, வாங்கறவங்க வயசு மீதி பாதி. கோயம்புத்தூர்ல கிரைண்டர், மோட்டார் செய்யுறவங்க எல்லாம் யோசிக்கவே வேண்டாம், யூடியூப்தான், மெஷின் ஓடுறதை முழுசாப் பாக்காம யாரும் வாங்க மாட்டாங்க.

காசு குடுத்து விளம்பரம் எப்ப? முதல் ரெண்டு மூணு மாசம் வேண்டாம்னுதான் சொல்லுவேன். கணக்கைப் பாருங்க, ஒரு நாளைக்கு 200 ரூபா, ஏழு நாள்னா 1,400, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 252, ஆக மொத்தம் 1,652 ரூபா. கொரியர் கவர் எல்லாம் போக ஒரு சேலைக்கு 150 ரூபா நிக்குதுன்னா பதினொரு சேலை வித்தாலும் போட்ட காசு கூட முழுசா வரல, பன்னெண்டாவது சேலைலதான் லாபம்னு ஒண்ணு ஆரம்பிக்குது. விளம்பரம் பாத்துட்டு வர்றவங்க முன்ன பின்ன தெரியாதவங்க, சாயங்காலம் கேட்டதுக்கு மறுநாள் மத்தியானம் பதில் சொன்னா வேற இடத்துல வாங்கியிருப்பாங்க, கேட்லாக்ல பாதி சேலை ஸ்டாக் இல்லைன்னா சொல்லவே வேண்டாம். பதில் சொல்ற வேகம், ஸ்டாக், பார்சல் எல்லாம் பழகுன பிறகு, எந்த வீடியோ காசு போடாமலே நல்லா ஓடுச்சோ அதுக்கு மட்டும் காசு போடுங்க. போஸ்ட்டுக்குக் கீழ இருக்குற பூஸ்ட் பட்டனைச் சும்மா அமுக்காதீங்க, லைக்கா வந்து குவியும், ஆர்டர் வராது. மெட்டாவோட விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜர்ல போய் மெசேஜ் வர்ற மாதிரி, அமுக்குனா நேரா வாட்ஸ்அப் தொறக்குற மாதிரி வைங்க, ஊரு சென்னை கோயம்புத்தூர்னு சுருக்குங்க, வந்தவங்க நம்பர் எத்தனை, அதுல வாங்குனவங்க எத்தனை, ரெண்டையும் நோட்டுல எழுதுங்க. நேரமும் பாத்துக்கங்க, தீபாவளிக்கு விக்கணும்னா ஆடிலயே வேலையைத் தொடங்கணும், ஐப்பசில ஆரம்பிச்சா பெரிய கடைங்க எல்லாரும் காசைக் கொட்டுற நேரத்துல நீங்களும் போய் நிப்பீங்க.

இன்ஃப்ளூயன்சருக்குக் காசு குடுக்கலாமான்னா, லட்சம் ஃபாலோயர் இருக்காங்கன்னு பாக்காதீங்க, அவங்க கமெண்ட்ல நெஜமா சேலை பத்திக் கேள்வி வருதான்னு பாருங்க. முதல்ல ஒரு சேலை அனுப்பிப் பாருங்க. காசோ பொருளோ வாங்கிட்டுப் பேசுனா அதை விளம்பரம்னு வெளிப்படையாச் சொல்லணும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரில இதுக்கு வழிமுறை வெளியிட்டிருக்கு, அதை மறைக்கச் சொல்லி நீங்களும் கேக்கக் கூடாது.

நாமளே பண்றதா, ஏஜென்சிகிட்ட குடுக்குறதாங்கறது கடைசி முடிவு. சின்ன பட்ஜெட்டுக்கு ஏஜென்சி பேக்கேஜ்னு வர்றது பெரும்பாலும் மாசம் பதினஞ்சு போஸ்டர், நாலு ரீல்ஸ், அதுல பாதி பண்டிகை வாழ்த்து. குடியரசு தின வாழ்த்து போஸ்டரைப் பாத்து யாரும் சேலை வாங்கப் போறது இல்ல, அந்தக் காசுக்கு ஒரு ரிங் லைட்டும் ஒரு ட்ரைபாடும் வாங்கி வச்சா வருஷக்கணக்குல உழைக்கும். சேலையைத் தொட்டுப் பாத்து விலை சொல்லி வித்தவங்க பேசுற பேச்சு டிசைனர்கிட்ட வராது. எடிட்டிங் மட்டும் தெரிஞ்ச காலேஜ் பசங்க யாராவது பக்கத்துல இருந்தா வீடியோவுக்கு இவ்வளவுன்னு பேசிக் குடுத்துடுங்க, பேச்சும் பதிலும் உங்ககிட்டயே இருக்கட்டும். வியாபாரம் வளந்து மாசம் பத்தாயிரத்துக்கு மேல விளம்பரத்துக்கே போகுதுன்னா அப்ப ஆட்ஸ் பாக்க ஆள் வைங்க, அதுல நெஜமாவே கைப்பழக்கம் வேணும்.

யார்கிட்ட குடுத்தாலும் ஒண்ணுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. யூடியூப் சேனல், பேஜ், இன்ஸ்டா, விளம்பர அக்கவுன்ட் எல்லாம் உங்க ஈமெயில்ல, உங்க நம்பர்ல நீங்களே ஓப்பன் பண்ணணும், வேலை பாக்குறவங்களுக்கு ஆக்சஸ் மட்டும் குடுக்கணும், பாஸ்வேர்டு குடுக்கக் கூடாது. ஏஜென்சி அவங்க ஈமெயில்ல ஓப்பன் பண்ணித் தர்றோம்னா ஒத்துக்காதீங்க, நாளைக்கு சண்டைன்னு வந்தா பேஜ் அவங்களோடது, விளம்பர அக்கவுன்ட்ல இருக்குற பழைய கணக்கும் அவங்களோடது. எல்லாத்துலயும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு வைங்க, வாட்ஸ்அப்ல ஆறு நம்பர் பின் போட்டு வைங்க, "உங்க பேஜ்ல காப்பிரைட் புகார் வந்திருக்கு, இந்த லிங்க்கை அமுக்குங்க"ன்னு மெசேஜ் வந்தா அமுக்காதீங்க, அக்கவுன்ட்டைத் திருடுறவங்க வழக்கமாப் பண்ற வேலை அது. அப்புறம் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் ஆர்டர் வர ஆரம்பிச்ச உடனே ஒரு ஆடிட்டரைப் போய்ப் பாருங்க, மாநிலத்துக்குள்ள விக்கிறதுக்கும் வெளி மாநிலத்துக்கு அனுப்புறதுக்கும் ஜிஎஸ்டி விதி ஒண்ணு இல்ல, முதல் பார்சல் போறதுக்கு முன்னாடியே கேட்டுட்டா நல்லது.